ஆதிரை ஏணியில் ஏறினாள்

5 அக்டோபர் 2019, சனி

காலையிலிருந்து மழை. குடை ரயிலில் போயிற்று. படம் பார்த்தாயிற்று. பார்த்திருக்கக் கூடாது.

எங்கள் "உப்புக்கோள்" தொடர்கதை படமாகிறது என்று கேட்டதிலிருந்தே எனக்குப் பயம்தான். வாசகர் வட்டத்து ஆட்கள் எல்லோருமாகப் போனோம். யோகன் அண்ணை கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து மாதம் ஒருமுறை புத்தகம் பேசுகிற அதே கூட்டம். ரயில் மாறி, பஸ் பிடித்து, புறநகர்த் தியேட்டர். பாப்கார்ன் நன்றாக இருந்தது. அது ஒன்றுதான்.

குறைகள், மறப்பதற்குள்:

– ஆதிரைக்குக் காதலன். கதையில் கிடையாது. அவள் வேற்றுக் கோளுக்குத் தண்ணீர் தேடப் போன இன்ஜினியர். மாப்பிள்ளை தேடப் போகவில்லை.
– உப்புப் பாலையில் பாட்டு. காற்றே இல்லாத கோளில் முகமூடி இல்லாமல் ஒரு கும்பல் ஆடுகிறது. இடுப்பும் தெரிகிறது.
– ரோபோ காமெடி.
– முடிவு.

முடிவுதான் பெரிய குற்றம். மூலத்தில் கடைசிக் கப்பல் கிளம்பும்போது ஆதிரை பூமிக்குத் திரும்புகிறாள். "ஆதிரை ஏணியில் ஏறினாள். மேலே கதவு திறந்திருந்தது." அவ்வளவுதான், முற்றும். அந்த இரண்டு வரியை நினைத்து எத்தனை குளிர்காலம் தள்ளியிருக்கிறேன். இந்தப் படத்தில் ஏறினவள் பாதியில் இறங்கிவிடுகிறாள். கப்பலை அனுப்பிவிட்டு, தான் தோண்டிய கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பூமியும் வேண்டாம், அங்கே காத்திருக்கிற தங்கச்சியும் வேண்டாம்.

இதெல்லாம் போதாது என்று, எழுந்து கோட்டு மாட்டும்போது திரையில் கடைசிப் பெயர்கள். பிரெஞ்சு சப்டைட்டில் என்று போட்டு என் மகள் பெயர். கதையின் ஆதிரைக்காகத்தான் அவளுக்கு ஆதிரை என்று பெயர் வைத்தேன். ஏதோ தமிழ்ப் படத்துக்குச் சப்டைட்டில் செய்கிறேன், எந்தப் படம் என்று சொல்லக் கூடாது, கோந்த்ராவில், ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று கோடையில் சொன்னாள். இந்தப் படம்தான் அது.

வெளியே மழையில் நின்று எல்லோரும் கத்தினோம். யோகன் அண்ணை: "முடிவை மாத்திறதுக்கு இவன் ஆர், தங்கச்சி? இவன்ர அப்பன் வீட்டுக் கதையே?" கார்த்திக் என்கிற கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை, வட்டத்துக்குப் புதுசு, மெதுவாக, "ஆன்ட்டி, ஆக்சுவலி புக்லயும் அவ திரும்பி வரலையே" என்றான். புத்தகமாகப் போட்ட பதிப்பாளன் முடிவை மாற்றிவிட்டான், எழுத்தாளர் செத்த பிறகு கேட்க ஆளில்லை, வார இதழில் வந்த மூலம் எங்களிடம் இருக்கிறது என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

6 அக்டோபர், ஞாயிறு

ஆதிரைக்குப் போன். நான் தமிழில், அவள் பிரெஞ்சில், வழக்கம்போல.

ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் இப்படித்தான் கத்துவாய் என்று தெரியும், மமான், என்றாள். புத்தகத்தில் இருக்கிற முடிவுதான் படத்திலும் என்றாள். நீ சின்ன வயதில் தூங்குவதற்கு எத்தனை தடவை அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன், கூசாமல் எப்படி எழுதினாய் என்றேன்.

பிறகு தமிழில் சொன்னாள். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும். "பத்தொன்பதாந் தேதி இங்க பதினெட்டாம் வட்டாரத்துலயே ஒரு ஷோ இருக்கு. வெள்ளக்காரங்கல்லாம் வருவாங்க. முடிஞ்சதும் நான் மேடையில பேசணும். எனக்கு இது முதல் தடவ. வராட்டி பரவால்ல. வந்து கத்தாத."

வைத்துவிட்டாள். நான் பெற்ற பெண் என்னை வராதே என்கிறாள்.

இவர் டிவியில் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக உப்புக்கோளில் ஒரு பக்கம் படித்ததில்லை. "படம்தானே, விடேன்" என்றார். ராத்திரிக்கு நேற்றைய குழம்புதான் என்று சொல்லிவிட்டேன்.

8 அக்டோபர், செவ்வாய்

மெரியில், நான் வேலை பார்க்கும் நகரசபை அலுவலகத்தில், கூட்டம். பிறப்புப் பத்திரம் கேட்டு வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். "மூலத்தைச் சிதைத்தவர்களும் அதற்குத் துணைபோனவர்களும்." துணைபோனவர்கள் என்பதில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டேன். வட்டத்தின் போன் குழுவில் போட்டதும் பற்றிக்கொண்டது. செவ்ரான், எபினே புறநகர்களிலிருந்து, முகம் தெரியாதவர்கள் எல்லாம். பத்தொன்பதாம் தேதி தியேட்டர் வாசலில் மூலப் பிரதியுடன் நிற்பதாக முடிவு. ஆதிரை பேசும் நாள். தெரிந்துதான் சரி என்றேன்.

மூலப் பிரதி என்றால் என்னுடையதுதான். தொடர்கதை வந்துகொண்டிருந்தபோது மீனா அக்கா வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, அடுக்கி வைத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி, மேலே ஒரு பிளவுஸ் துணி போட்டு பைண்ட் பண்ணினாள். கல்யாணம் முடிந்து நான் புதுச்சேரியிலிருந்து கிளம்பும்போது கையில் கொடுத்தாள். பெட்டியில் வைக்காமல் விமானத்தில் மடியிலேயே வைத்திருந்தேன். பின்னால் யோகன் அண்ணை வாங்கி நகல் எடுத்தார், அந்த நகலுக்கு நகல், அதற்கும் நகல். இந்த ஊரில் உப்புக்கோள் படித்தவர்களில் பாதிப் பேர் என் அக்கா தைத்ததிலிருந்துதான் படித்தார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

12 அக்டோபர், சனி

கடைப் பின்னறைக் கூட்டம். பலகைகள் தயார். யோகன் அண்ணை சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: ஆதிரை ஏணியில் ஏறினாள். பிரெஞ்சிலும் கீழே.

கார்த்திக் புத்தகத்தோடு வந்திருந்தான். முன்னுரையில் இந்தத் தொடர் நாற்பது வாரம் வந்ததாகப் போட்டிருக்கிறது, நம்மிடம் முப்பத்தெட்டுதானே இருக்கிறது என்றான். "தப்பா நெனச்சுக்காதீங்க ஆன்ட்டி, சும்மா டவுட்டு."

பதிப்பாளன் இரண்டு அத்தியாயம் தானே எழுதிச் சேர்த்துவிட்டு, அதை மறைக்க நாற்பது என்று போட்டிருக்கிறான், இது புரியவில்லையா என்றேன். பையன் விடவில்லை. தலைக்கு ஏறிவிட்டது. வாராவாரம் கிழித்தவள் உயிரோடு இருக்கிறாள், நாளைக்கே அவளைப் பேச வைத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோகன் அண்ணை, "அப்பிடிப் போடுங்கோ" என்றார்.

13 அக்டோபர், ஞாயிறு

எழுதவேண்டும் என்று உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து.

அக்காவுக்கு வீடியோ போன். அவள் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, முப்பத்தெட்டு வாரம்தான் வந்தது என்று ஒரு வார்த்தை சொல், பதிவு பண்ணிக்கொள்கிறேன் என்றேன். கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"நாப்பது வாரம்டி" என்றாள்.

மறுபடி கேட்டேன்.

"நாப்பது. கடைசி ரெண்டு வாரத்த நான் வைக்கல. நீ மருதாணி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தப்ப வந்துச்சு. படிச்சேன். அவ ஏணியில ஏறிட்டு எறங்கிடுறா. ஊருக்கு வரல. தங்கச்சி இங்க காத்துக்கிட்டே கெடக்குறா. அதையா ஊர விட்டுப் போற பொண்ணு கையில குடுப்பேன்?"

"அதுல முற்றும்னு போட்டிருக்கே அக்கா."

"தொடரும்னு இருந்துச்சு. வேற ஒரு தொடர்கதை முடிஞ்சிருந்துச்சு, அதுலேர்ந்து முற்றும்ங்கிறத வெட்டி மைதாப் பசையில ஒட்னேன். பசை கொஞ்சம் கட்டி. நீ பாக்கவே இல்லியா இத்தன வருஷமா?"

பார்த்திருக்கிறேன். காப்பிக் கறை என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு வாரம் எங்கே என்றேன். வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

கத்தினேன். வாயில் வந்ததெல்லாம். ஊர் முழுக்க என்னை முட்டாளாக்கிவிட்டாய், பெற்ற பெண்ணைத் திட்டி எழுதிவிட்டேன், என்ன தைரியம் உனக்கு என்று. எல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"நான் ஒட்டி என்னடி ஆச்சு. நீ வந்தியா? அம்மா போனப்பகூட பதினஞ்சு நாள் லீவுல வந்துட்டுப் போன. கதைக்காரன் எழுதினதுதானே நடந்துச்சு."

நான்தான் போனை வைத்தேன்.

14 அக்டோபர், திங்கள்

லீவு. தலைவலி என்று சொன்னேன்.

பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். "முற்றும்" வேறு எழுத்து, சற்றுப் பெரிசு. கோணலாக வேறு இருக்கிறது. குழந்தைக்குக்கூடத் தெரியும். நகலுக்கு நகல் எடுத்ததில் அந்தக் கோணலும் எல்லோர் வீட்டுக்கும் போயிருக்கிறது.

ஆத்திரம் அடங்கவில்லை. டைரக்டர் மேல் பட்ட ஆத்திரமெல்லாம் இப்போது அக்கா மேல். அதிலும் பாதி, நீ வந்தியா என்று அவள் கேட்டதற்கு. பாட்டு மட்டும் இப்போதும் மகா கேவலம், அதில் மாற்றமில்லை.

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நீ ஒரு வாரமா கத்துனது?" என்றார். நேற்றைய குழம்பு இன்றைக்கும்.

16 அக்டோபர், புதன்

வேலை முடிந்து யோகன் அண்ணை கடை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். கல்லாவில் நின்றபடியே கேட்டார். ஒரு வாடிக்கையாளர் வந்து முருங்கைக்காய் வாங்கிப் போனார், அதற்கும் சில்லறை கொடுத்தார்.

"இல்லை" என்றார்.

"அண்ணே, அக்காவே சொல்றாங்க. கடைசி ரெண்டு வாரம்—"

"எனக்கு அந்த ரெண்டு கிழமையும் வேண்டாம், தங்கச்சி. இஞ்சை வந்த புதுசிலை வதிவிடக் கார்த் இல்லாமல், ஒரு அறையிலை ஆறு பேர் படுத்துக் கிடந்தனாங்கள். அண்டைக்கு இந்தக் கதையைத்தான் மாறி மாறி வாசிச்சனாங்கள். ஏறீற்றாள், ஊருக்குப் போறாள் எண்டுதான் வாசிச்சனாங்கள். உங்கட கொக்கா செய்தது சரி. படம் எடுத்தவன்தான் பிழை."

கோபத்தில் கல்லாவை ஓங்கிச் சாத்தினார். பலகையைக் கொண்டு வராதீர்கள், அங்கே பேசப் போவது என் பிள்ளை என்றேன். முருங்கைக்காய்க் கூடையைச் சரிபண்ணப் போய்விட்டார்.

குழுவில் அறிக்கையை நீக்கினேன். ஏன் எதற்கு என்று கேள்விகள். அதற்குள் பத்து இடத்துக்குப் போய்விட்டதாம். காரணம் எழுத மூன்று தடவை ஆரம்பித்து அழித்தேன். கோழை.

19 அக்டோபர், சனி

தூறல். ஆதிரைக்குச் சொல்லாமல் போனேன். கடைசி வரிசை. வாசலில் யாருமில்லை, அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை சப்டைட்டிலைப் படித்தேன். அவள் எழுதியதை முதல்முறையாகப் படிக்கிறேன். கிணற்றடிக் காட்சியில் நடிகை தமிழில் வளவளவென்று பேசுகிறாள். கீழே என் பெண் ஒரே வரி போட்டிருந்தாள்: என் தங்கைக்கு யார் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மூக்கைச் சிந்தினாள்.

ஆதிரை மேடையில். கறுப்புச் சட்டை, கையில் மைக். நன்றாகத்தான் பேசினாள். பிறகு கேள்வி நேரம். நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். முன்பின் பார்த்ததில்லை. கையில் நகல் கட்டு, எங்கள் நகல், தூரத்திலிருந்தே தெரிந்தது. என் அறிக்கையிலிருந்து வரி வரியாகப் பிரெஞ்சில். மூலத்தைச் சிதைத்தவர்கள். துணைபோனவர்கள். "தமிழும் தெரியாது, மூலமும் படிக்காது, இதுகளெல்லாம் சப்டைட்டில் எழுதினால் இப்படித்தான்" என்று கடைசியில் தமிழில். சிலர் கை தட்டினார்கள். ஆதிரை அவர் கையில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் வீட்டிலிருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்துவிட்டேன். மைக் இல்லை. மெரியில் கத்துகிற குரல் போதும்.

அந்தப் பிரதி என்னுடையது, அந்த அறிக்கையும் நான் எழுதியது, இரண்டும் தப்பு என்றேன் பிரெஞ்சில். கடைசி இரண்டு வாரத்தை என் அக்கா எடுத்துவிட்டாள், நான் ஊரை விட்டு வரும்போது மனசு உடையக் கூடாது என்று, அதனால் நாம் யாரும் முடிவைப் படித்ததே இல்லை என்றேன். பிறகு அந்த ஆளிடம் தமிழில்: "அவளுக்குத் தமிழ் தெரியும். நான் சொல்லிக் குடுத்தது. உக்காருங்க."

உட்கார்ந்தார். முன்வரிசை ஓரத்தில் யோகன் அண்ணை தலை தெரிந்தது. பலகை இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியில் ஆதிரை வந்து நின்றாள். இரண்டு வாரமாக எனக்குச் செய்தது போதாதென்று இன்றைக்கும் கத்தத்தான் செய்தாய் என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பாட்டுக்கு மட்டும் நான் சப்டைட்டில் போட மறுத்துவிட்டேன், கவனித்தாயா என்றாள். கவனித்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

வெயில். ஆதிரை சாப்பிட வந்தாள். கோழி. இவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

புத்தகத்திலிருந்து கடைசி இரண்டு அத்தியாயத்தையும் அதே அளவுத் தாளில் அச்செடுத்து வந்திருந்தாள். பிரதியில் சேர்த்துத் தைத்துவிடலாம் என்றாள். சரி என்று ஊசி நூல் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, நகத்தால் அந்த முற்றும் துண்டின் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டிருக்கிறாள். அடியில் தொடரும் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

கையை எடு என்று கத்தினேன். அது அக்கா ஒட்டியது.