ஞாயிறு பூசையும் நெற்சூட்டுக் காவலும்

அன்புள்ள திரேசம்மா அக்காவுக்கு,

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் கச்சான் காற்றுக் காலம் இது. வெயில் உனக்குத் தெரிந்ததுதான். கோயில் வளவு மணலில் கால் வைக்க முடியவில்லை. முன்வரிசை வாங்கில் உன் இடத்தில் இப்போது நான் முழந்தாளிடுகிறேன். யார் வரவில்லை என்று திரும்பிப் பார்க்கிற உன் பழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டது.

பார்த்தால் வெறும் வாங்குகள். அறுவடை தொடங்கியதும் ஊரே வயலோடு போய்விட்டது. பிரசங்கத்தின் முடிவில் பங்குச் சுவாமி சொன்னார்: "ஆளில்லாத கோயிலுக்கு நான் வெயில்ல வந்து என்ன செய்யிற? மழை வருமட்டும் இஞ்ச ஞாயிறு பூசை வேணாம்."

ஒருமுறை நின்றுபோனால் மறுபடி யார் தொடங்குவது? நீ வீடு வீடாக ஏசிச் சேர்த்த சனம் அல்லவா இது. "வாற ஞாயிறு ஒருக்கா வந்து பாருங்க சுவாமி. மறுகா முடிவெடுங்க" என்றேன். அரை மனதோடு தலையாட்டினார்.

சனிக்கிழமை உன்னைப்போல ஏசத்தான் புறப்பட்டேன். வீடுகளில் ஆளில்லை, வயலுக்கே நடந்தேன். அந்தோனி மச்சான் வெட்டி அடுக்கிய நெற்சூட்டைக் காட்டினார். "வர மனமில்லாமலா புள்ள? இதை விட்டுட்டு வந்தா மாடு திண்டு முடிச்சிரும்." அதில் பொய் இல்லை. நம் ஏச்சு நெல்லுக்குக் காவல் நிற்குமா?

பக்கத்து வயல் ஆதம்பாவா காக்கா கேட்டுக்கொண்டு நின்றார். சாய்ந்தமருதுக்காரர், உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வந்தால் அவருக்கும் இதே தொல்லைதான். "ஞாயிறு உங்கட சூட்டை நாங்க பாக்கிறம். வெள்ளி எங்கடத நீங்க பாருங்க. இதுக்கென்ன பெரிய கதை?" என்றார். இத்தனை காலமும் இது ஏன் நம் ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்கா?

மறுநாள் மணி அடித்தும் சிலர் வரம்பில் குந்திச் சுருட்டுப் பற்றவைத்தார்களாம். காக்கா கம்போடு போய், "நான் பாக்கிறன் எண்டு சொன்னனே? எழும்புங்க, பூசை தொடங்கப் போகுது" என்று துரத்தினாராம். மச்சான் தலையில் வைக்கோல் தூசோடு கோயிலுக்குள் வந்தார், பின்னால் மற்றவர்கள். வாங்குகள் நிரம்பிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். பூசை முடியச் சுவாமி, "வாற ஞாயிறும் இதே நேரம்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

நேற்று வெள்ளி. மச்சானும் நானும் காவலுக்குப் போனோம். காக்கா வெள்ளைச் சட்டை மாற்றிய பிறகும் தன் சூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கம்பை வாங்கிக்கொண்டு, "பாங்கு கேக்குதெல்லா காக்கா? போங்க" என்று ஒரு அதட்டுப் போட்டேன். சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

இந்தக் கச்சானிலும் இனி வரும் கச்சான்களிலும் நம் கோயிலில் ஞாயிறு பூசை நிற்காது. இது நான் உனக்குத் தரும் வாக்கு. உன் ஏச்சு உன்னோடு போய்விடவில்லை, அக்கா. பாதி என்னிடம் இருக்கிறது, மீதியை ஆதம்பாவா காக்கா வைத்திருக்கிறார்.

உன் வாயைக் கொண்டு பிறந்த தங்கச்சி,
விக்டோரியா