இரண்டு விடைத்தாள்களிலும் இருந்த கொக்கி

அனுப்புநர்
கணிதத் தாள் எழுதிய தனித்தேர்வர் (முன் இருக்கை),
துணி மடிக்கும் பிரிவு, மருத்துவமனைச் சலவைக்கூடம்.

பெறுநர்
உயர்திரு தேர்வு விசாரணை அலுவலர் அவர்கள்,
தனித்தேர்வர் பிரிவு.

பொருள்: கணிதத் தேர்வில் பார்த்து எழுதியதாக எனக்கும் என் சித்திக்கும் பூஜ்ஜியம் வழங்கியதை மறுபரிசீலனை செய்யவும், என் சித்தி தரவிருக்கும் ஒப்புதல் கடிதத்தை ஏற்காதிருக்கவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அறையில் திங்கட்கிழமை நடந்த விசாரணை.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று தங்கள் மேசைக்கு முன் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுவிட்டுப் போன பெண் நான்தான். அந்நியர் முன் எனக்குப் பேச்சு வராது. "வாயைத் திறக்கலைன்னா ஒத்துக்கிட்டதாத்தாம்மா எடுத்துக்கணும்" என்று தாங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஐயா. சொல்ல முடியாததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எனக்கு வயது பதினெட்டு. அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை நிறுத்தினேன். என்னுடன் தேர்வு எழுதியவர் அம்மாவின் தங்கை. அவரும் என்னைப் போலப் பாதியில் நின்றவர்தான். நாங்கள் இருவரும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். விண்ணப்பத்தையும் ஒன்றாகவே கொடுத்தோம். அதனால் தேர்வு எண்கள் அடுத்தடுத்து வந்தன, இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. நாங்கள் கேட்டு வாங்கிய இடம் அல்ல அது.

2. விசாரணையின்போது இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் இருந்த கொக்கி போன்ற குறியைத் தாங்கள் விரலால் தொட்டுக் காட்டினீர்கள். "இது என்ன ஜாடை?" என்று கேட்டீர்கள். அது ஜாடை அல்ல. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் பெரியவை, ஒருவரால் மடிக்க முடியாது. தலைமாட்டுப் பக்கம் எது என்று தெரிவதற்காக அந்த ஓரத்தில் சிவப்பு நூலால் சிறு கொக்கி தைத்திருப்பார்கள். ஈரம் வற்றிய விரிப்பை எடுத்ததும் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். "கொக்கி என் பக்கம்டி, நீ அந்தப் பக்கம் போ" என்பார் சித்தி. முதலில் எதைப் பிடிக்க வேண்டுமோ அதற்குக் கொக்கி. படிக்கும்போதும் அப்படியே பழகிவிட்டோம். எந்த வரிசையில் கை வைக்க வேண்டுமோ அதன் பக்கத்தில் ஒரு கொக்கி போட்டுக்கொள்வோம். என் விடைத்தாளின் எல்லாப் பக்கங்களிலும் அது இருக்கும். தயவுசெய்து புரட்டிப் பாருங்கள்.

3. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். பழைய பேப்பர் கடையில் வாங்கியது. அணிகள் பாடத்தில் நடுவில் சில தாள்கள் இல்லை. அணிக்கோவைப் பாடம் மட்டும் முழுதாக இருந்தது. மடிப்பு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, விரிப்பை உதறிக்கொண்டே விதிகளைச் சொல்லிப் பார்ப்போம். எனக்குச் சத்தம் வராது, சித்திக்குச் சத்தம் குறையாது. அவர் சொல்வார், நான் தலையாட்டுவேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, துணி மடிக்கிறீங்களா, மந்திரம் ஓதுறீங்களா?" என்பார். "உனக்கும் சேத்துத்தான் ஓதுறேன், போ" என்பார் சித்தி. எங்கள் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

4. இல்லாத அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்பது விசாரணை முடிந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் மாலைநேர வகுப்பு எடுக்கும் ஆசிரியை நேற்றிரவு தன் புத்தகத்தைக் கொடுத்தார். அணி என்பது அடைப்புக்குறிக்குள் வரிசையாக நிற்கும் எண்கள். அதை மூன்றால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் மூன்றால் பெருக்க வேண்டும். அணிக்கோவை அதே எண்களை இரண்டு நேர்க்கோடுகளுக்கு நடுவில் வைத்து, பெருக்கிக் கழித்து, கடைசியில் ஒரே ஒரு எண்ணாக ஆக்கிவிடுவது. அதை மூன்றால் பெருக்க ஒரு வரிசையை மட்டும் பெருக்கினால் போதும். எங்களுக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது விதி மட்டுமே. "ஒரு ஓரத்தைப் புடிச்சா போதும்டி, முழுசும் கூட வந்துரும்" என்று சித்தி அதை எனக்குப் பதிய வைத்தார்.

5. தேர்வில் மேல் வரிசையில் 2, 1, கீழ் வரிசையில் 4, 3 என்று ஓர் அணியைக் கொடுத்து, அதன் மும்மடங்கைக் கேட்டிருந்தார்கள். நான் மேல் வரிசைக்குக் கொக்கி போட்டு அதை மட்டும் பெருக்கினேன். 6, 3 என்று வந்தது. கீழே 4, 3 என்று அப்படியே விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தியும் அதையேதான் செய்திருக்கிறார். கீழ் வரிசை 12, 9 என்று வந்திருக்க வேண்டும். "இப்படி ஒரு தப்பை ரெண்டு பேர் தனித்தனியா யோசிச்சுப் பண்ண முடியுமா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, ஐயா. இந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் கிழிந்த அந்தப் புத்தகத்தை வைத்து, அந்த மேசையில், ஒரே விரிப்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு படித்தவர்கள் வேறு விதமாகச் செய்திருக்கவும் முடியாது.

6. இனி வருவதுதான் அவசரமான விஷயம். நேற்று நாங்கள் வெளியே வந்தபோது வாசல் மேசையில் இருந்த எழுத்தர், இரக்கப்பட்டுத்தான், சித்தியிடம் சொன்னார்: "யாராவது ஒருத்தர் நான்தான் பாத்து எழுதினேன்னு எழுதிக் குடுத்துட்டா, இன்னொருத்தர் தப்பிச்சுக்கலாம்மா." வீட்டுக்கு வந்ததும் சித்தி அம்மாவிடம் வெள்ளைத்தாள் கேட்டார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். "விடுடி கழுத. நான் பாஸ் பண்ணி என்னத்தக் கிழிக்கப் போறேன்? உனக்கு லேப் டிரெயினிங் இருக்கு. எனக்கு இந்த இஸ்திரிப் பெட்டி இருக்கு. அது சர்டிபிகேட் கேக்காது" என்றார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சித்தி சொன்னது உண்மை இல்லை. மடிப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் பதவி வரவிருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். அந்த அறிவிப்பைச் சித்தி தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டால் அவர் மறுபடி தேர்வு எழுதத் தடை வரும் என்று எழுத்தரே சொன்னார். இன்று இரவு நான் தூங்கியதும் அவர் கடிதத்தை எழுதி நாளை காலை தங்களிடம் கொண்டு வருவார் என்று பயப்படுகிறேன். அந்தக் கடிதம் பொய். அதில் அவர் கையெழுத்து இருந்தாலும் பொய்.

7. அது பொய் என்பதற்கு அந்த இரண்டு தாள்களே சாட்சி. அடுத்த கேள்வி ஓர் அணிக்கோவை. மேலே 5, 2, கீழே 3, 4. இருபதிலிருந்து ஆறைக் கழித்து 14 என்று சித்தி சரியாக எழுதியிருக்கிறார். நான் பதற்றத்தில் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டி 26 என்று எழுதினேன். சித்தி என் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்து எழுதியிருந்தால் அவருக்கும் 26 வந்திருக்கும். நான் திரும்பி அவருடையதைப் பார்த்திருந்தால் எனக்கு 14 வந்திருக்கும். தவறான விடையை மட்டும் பார்த்து எழுதி, சரியான விடையை விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

8. இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அணிக்கோவையில் இரண்டு வரிசைகள் ஒன்றுபோலவே இருந்தால் விடை பூஜ்ஜியம் ஆகிவிடும். உள்ளே எந்த எண் இருந்தாலும் அப்படித்தான். இந்த விதி எங்கள் புத்தகத்தில் இருந்தது. ஒரே சீருடையில் நாங்கள் மேசைக்கு எதிரெதிரே நிற்கும்போதெல்லாம் சித்தி சொல்லிச் சிரிப்பார்: "தள்ளி நில்லுடி. எவனாவது நம்மள வச்சு கணக்குப் போட்டுட்டா பூஜ்ஜியம்தான் வரும்."

நேற்று அதுதான் நடந்தது, ஐயா. அணியில் அப்படி இல்லை. இரண்டு வரிசைகள் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். ஒன்றுக்காக மற்றொன்றை யாரும் அழிப்பதில்லை. எங்களை ஒரே எண்ணாக ஆக்காமல் தனித்தனி வரிசையாகப் பார்க்க வேண்டுகிறேன்.

எனவே, சித்தி கடிதம் கொண்டுவந்தால் தாங்கள் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும். மும்மடங்குக் கேள்விக்கு எங்கள் இருவருக்கும் மதிப்பெண் வேண்டாம், அது தவறுதான். மற்றவற்றைத் திருத்தச் சொல்லுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் எங்களை வெவ்வேறு அறையில் உட்கார வைத்து, தாங்களே கணக்குக் கொடுங்கள். என்னை முதலில் கூப்பிடுங்கள். பேசச் சொன்னாலும் பேசுகிறேன். சத்தம் சின்னதாகத்தான் வரும். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் கேட்கும்.

அங்கேயும் வரிசைக்குப் பக்கத்தில் கொக்கி போடுவேன். மற்ற அறையில் சித்தியும் போடுவார். அதற்காக எங்கள் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
தனித்தேர்வர், முன் இருக்கை

இடம்: சலவைக்கூடம், மடிப்பு மேசை
நாள்: செவ்வாய்க்கிழமை

குறிப்பு: இம்மனுவைத் தபாலில் அனுப்பினால் சித்தி முந்திக்கொள்வார். ஆகவே நானே கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் அறை வாசலில் நிற்கிறேன்.