வடக்கு பாட்டிலில் இருந்தது வெறும் தண்ணீர்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் சரிபாதி உரிமைக்காரரான உங்களுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அழுது தீர்த்துவிட்டேன். இப்போது கோபம்தான் வருகிறது, அதை யாரிடம் காட்டுவது? நீங்கள் பாட்டுக்கு போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டில்லி லக்ஷ்மிபாய் நகரில் வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டில் கலர் டிவி வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, முதல் நாளே படத்தைக் கெடுத்து வைத்திருப்பீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அதையும் நான்தான் பார்க்கவேண்டும்.

எல்லாம் அந்தக் காந்தத்தால் வந்த வினை. செங்கோட்டைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கர்களை வாங்கிவந்து, உடைத்து, காந்தத்தை எடுத்தீர்கள். முதலில் இரண்டு தட்டில் வெந்தயம் முளைக்க வைத்தீர்கள். காந்தத்தின் மேல் வைத்த தண்ணீரை ஊற்றினால் செடி உயரமாக வளர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து காட்டினீர்கள். காந்தத் தண்ணீர் ஊற்றிய தட்டு ஜன்னல் ஓரத்தில் வெயிலில் இருந்தது, மற்றது அலமாரிக்குள் இருந்தது. அதைச் சொன்னேன். "ஏட்டி, ஒனக்கு சயின்ஸ் தெரியுமா?" என்றீர்கள். வெயில் தெரியாதா எனக்கு?

அப்புறம் இரண்டு ஸ்குவாஷ் பாட்டில்கள் வந்தன. சிவப்பு பெயிண்ட் அடித்தது வடக்கு, நீலம் தெற்கு. வடக்கு முனைத் தண்ணீர் உங்கள் பிரஷரைக் குறைக்குமாம். காலையில் ஆபீஸ் போகும்போது காந்தத்தின் மேல் வைப்பீர்கள், சாயங்காலம் வந்ததும் ஒரு டம்ளர் குடிப்பீர்கள், நோட்டில் எழுதுவீர்கள். ஒருநாள் தூசி துடைக்கும்போது சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீங்கள். ஒரு பாட்டிலுக்காக மூன்று நாள்!

அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

கோடையில் நம் தெருக் குழாயில் தண்ணீர் சாயங்காலம் நீங்கள் வருவதற்குச் சற்று முன் அரைமணி நேரம்தான் வரும். அந்த அரைமணியில் டில்லியில் குடித்தனம் செய்கிற எந்தப் பொம்பளையும் யோசிக்கமாட்டாள். குடம், வாளி, குக்கர், டிபன் டப்பா, எது கையில் கிடைத்தாலும் பழசைக் கொட்டிப் புதுசாக நிரப்புவாள். நானும் அப்படித்தான் உங்கள் பாட்டில்களையும் நிரப்பினேன். பழைய தண்ணீரை ஜன்னல் கூலரின் தொட்டியில் ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதே இடத்தில் வைத்தேன். முதல்நாள் பழக்கத்தில் செய்தேன். மறுநாள் முதல் தெரிந்தே செய்தேன். நீங்கள் வந்து அதைக் குடித்துவிட்டு, "அச்சா! தலை எப்படி லேசா இருக்கு பாரு" என்பீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பாவம், சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பிரஷர் மாத்திரையை நீங்கள் நிறுத்தியது எனக்கு எப்படித் தெரியும்? மாதாமாதம் டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று வாங்கிவந்தீர்களே!

குளியலறையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "தவாயி ரோஜ் லேத்தே தே?" தினமும் மருந்து சாப்பிட்டாரா என்று. நான் அடித்துச் சொன்னேன், "ஹாஞ்சி, ரோஜ்." ஆமாம், தினமும் என்று. சாகக் கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்களே, நியாயமா இது?

காரியம் முடிந்து மேஜை இழுப்பறையைத் திறந்தால், அத்தனை மாத்திரை அட்டையும் பிரிக்காமல் கிடக்கிறது.

போன வாரம் உங்கள் ஆபீஸ் சண்முகம் வந்தார். "மதினி, அண்ணாச்சி நோட்டைக் குடுங்க. சின்ன புக்கா அச்சடிச்சு நம்ம ஆளுங்களுக்கெல்லாம் குடுத்துருவோம்" என்றார். நம் பையனிடம் நோட்டைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். "அம்மா, எனக்குத் தமிழ் வாசிக்க வராதுல்லா, நீயே பாரு" என்றான். நானே உட்கார்ந்து படித்தேன். அதில் போன கோடைத் தேதி போட்டு, உங்கள் முத்துமுத்தான கையெழுத்தில் இருக்கிறது: "பத்து நாளாக மாத்திரை இல்லை. தலைபாரம் இல்லை. வடக்குத் தண்ணீரே போதும்."

அந்தப் பத்து நாளும் நீங்கள் குடித்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

ஒரு வார்த்தை, "மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று சொல்லியிருந்தால் பாட்டிலை உங்கள் தலையிலேயே கவிழ்த்து உண்மையைச் சொல்லியிருப்பேனே. ஊர் உலகத்தில் இருக்கிற தண்ணீரையெல்லாம் சோதித்தீர்கள். பக்கத்தில் இருந்தவளை ஒரு கேள்வி கேட்டீர்களா? கேட்காதது உங்கள் தப்பு. சொல்லாதது என் தப்பு. எது பெரிசு என்று யார் சொல்வது?

அன்று போகும்போது சண்முகம் வாசலில் நின்று, "நானும் மாத்திரையைப் பாதியா கொறைச்சுட்டேன் மதினி, அண்ணாச்சி வழிதான்" என்றார். அப்போது நான் நோட்டைப் படித்திருக்கவில்லை, அது எந்த வழி என்று உறைக்கவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். நோட்டைக் கொடுப்பேன். இந்தக் கடிதத்தையும் கொடுப்பேன். புத்தகம் போடட்டும், ஆனால் முதல் பக்கத்தில் இதுதான் வரவேண்டும். உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள், என்னைப் பார்த்துக் காறித் துப்பவும் துப்பலாம். பரவாயில்லை. முழு மாத்திரையை என் கண்முன்னால் விழுங்காமல் சண்முகத்தை நம் வாசலைத் தாண்ட விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

சண்டை போடவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த
உங்கள் மனைவி,
கோமதி