கற்பூரத் தட்டு இனி வைக்கப்படாது

மழை தவறாது பெய்க. ஆற்றில் நீரும் அவையில் நீதியும் வற்றாதிருக்க.

மாகதிர்ப் பேரரசின் பேரமைச்சர், நூல் பல கற்ற கோளரி மாராயர் திருமுன்பு, ஆழித்துறை நாட்டை ஆளும் கொற்றி நாச்சியார் விடுக்கும் ஓலை. தங்கள் களஞ்சியங்கள் நிறைக; தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க.

தங்கள் ஆணையோலை கிடைத்தது. எம் துறைமுகக் கல்விச்சாலையில் பழைய தட்டுத் தேர்வை மீண்டும் நடத்த வேண்டும், மறுத்தால் ஆட்சி முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தலைநகருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். வணிகக் குழுவார் தங்களிடம் வந்து கண்ணைக் கசக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

அத்தேர்வைத் தாங்கள் நேரில் கண்டதில்லை, ஆகையால் கூறுகின்றோம். ஏழு வயதுப் பிள்ளையின் முன் ஒரு வெள்ளித் தட்டை வைப்பார்கள். அதில் கற்பூரம், குங்குமப்பூ, பவளம், சீனத்துப் பட்டு இருக்கும். அவற்றின் பெயர் சொன்ன பிள்ளை அறிவுடையது என்று மேலறைக்குப் போய் எழுத்தும் கணக்கும் நீதிநூலும் கற்கும். விழித்து நின்ற பிள்ளை கீழறைக்குப் போய், மணியடித்தால் எழவும், மூட்டையை வரிசையாய் அடுக்கவும், சொன்னதற்கெல்லாம் தலையாட்டவும் கற்கும். வணிகர் பிள்ளை தொட்டிலிலேயே பார்த்த பொருள்களை உப்பளத்துக் குடிசைப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? வீட்டில் இருந்த செல்வத்தைச் சோதித்துவிட்டு அதற்கு அறிவு என்று பெயர் வைத்தார்கள். கீழறைப் பிள்ளைகளோ தமக்கு அறிவே இல்லையென்று தாமே நம்பிவிட்டன. எமக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் அத்தட்டை விற்று எழுத்தாணிகள் வாங்கினோம். இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தோம். அப்போது குழுவார் சிரித்தார்கள். சென்ற பருவத்தில் சுமை தூக்குவோர் தங்கள் கூலி ஒப்பந்தத்தைத் தாங்களே படித்துப் பார்த்து, இதற்கு உடன்படோம் என்று பண்டகசாலை வாசலில் அமர்ந்த பிறகே அந்தச் சிரிப்பு நின்றது. எல்லாரும் படித்தால் மூட்டையை யார் தூக்குவது என்று குழுத்தலைவர் பொற்கோடனார் எம் அவையிலேயே கேட்டார். படித்தவனுக்கும் முதுகு உண்டு, அதற்குத் தக்க கூலி கொடுத்தால் தூக்குவான் என்று விடை கூறினோம்.

கல்விச்சாலையைக் கட்டியது தம் பொன், ஆகவே அங்கே யார் எதைப் படிப்பது என்பதும் தம் விருப்பம் என்று குழுவார் வாதிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொன் யார் முதுகில் ஏறிக் கரைக்கு வந்தது என்று அவர்களைக் கேட்டருள்க.

மோதிரம் இவ்வோலையோடு வருகிறது. அது இடும் கடைசி முத்திரையின் கீழ் எம் கடைசி ஆணை இதுவே: அச்சுவரை மறுபடி எழுப்ப இந்நாட்டில் எவரும் கல்லெடுக்கலாகாது. எமக்குப் பின் ஆள வருபவர் இதை மாற்ற நினைத்தால், படிக்கத் தெரிந்த ஊரிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

எம் ஓலைகளின் எழுத்தழகையும் சொல்லழகையும் மெச்சி, இவற்றை எழுதும் புலவர் எவர், தலைநகர் ஓலை மண்டபத்துக்கு அனுப்ப இயலுமா என்று முன்பு கேட்டிருந்தீர்கள். குழுவார் தீங்கிழைப்பரோ என்று அஞ்சி, எழுதியவர் பெயரிடும் இடத்தை இதுவரை வெறுமையாக விட்டோம். இனி அஞ்சுவதாக இல்லை.

இவை, கற்பூரத்தைப் பார்த்து உப்பு என்று சொன்னமையால் கீழறைக்கு அனுப்பப்பட்ட, உப்பளத்து நீலன் மகள் வெண்ணி எழுத்து.