ஏழாம் நம்பர் புளியமரம்

ஆவணி, புதன்கிழமை.

பெரிய பேத்தி நர்ஸு வேலையில சேந்துட்டா. சின்னவ பத்தாவதுல ஸ்கூலுக்கே முதல். பேரன் குமரன் ரோடு ஆபீஸுல இன்ஜினீயரு.

பெண்ணாடம் ரோட்டுல இருக்குற பழைய புளியமரங்களுக்குப் போன மாசம் அவன்தான் நின்னு வெள்ளை பெயிண்ட்டுல நம்பர் போட்டான். பழைய மரமாச்சே, கணக்கெடுத்துக் காப்பாத்தப் போறாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். நம்பர் மேல போஸ்டர் ஒட்ட வந்தவனை, "என் பேரன் போட்டதுடா"ன்னு விரட்டினேன். வூட்டுக்கு எதிர்ல இருக்குற ஏழாம் மரத்துக்குக் குங்குமமும் வச்சேன்.

இன்னிக்குக் காலையில ஒண்ணாம் மரத்துல ரம்பத்தை வச்சாங்க. குமரனுக்குப் போன் போட்டேன்.

"நம்பர் போட்டதே வெட்டறதுக்குத்தான் ஆயா. ரோடு அகலமாவுது. தெரியாதா உனக்கு?"

"அஞ்சாவது படிச்சவளுக்கு என்னாடா தெரியும்? மீதியையாவது வுடச் சொல்லு."

"என் கையில இல்ல ஆயா."

சாயந்திரத்துக்குள்ள ஆறு மரம் சாஞ்சுருச்சு. நாளைக்கு முதல்ல ஏழாவதுதான்.

அந்த மரத்துல கை வச்சு அவன் சிரிக்கிற போட்டோவைத்தான் கூடத்துல மாட்டியிருந்தேன். கழட்டிப் பீரோவுல வச்சிட்டேன். ஆணி மட்டும் இருக்குது. வேற போட்டோ ஒண்ணு தபால்ல அனுப்பச் சொல்லணும். வெறும் சுவரு பக்கத்துல நின்னு எடுத்தாப் போதும்.