கஞ்சிக்கு உப்புப் பார்ப்பவன்

2026 ஜனவரி 5
மறுபடியும் பிரஷர் 190. இரண்டு வருடம் முன்பு இடது பக்கச் சுரப்பியை எடுத்தார்களே, அது எதற்கு? ஐஸ் பிளாண்டில் பில் எழுதும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, சட்டை நனைந்துவிட்டது. "ஐஸுக்குள்ள உக்காந்துகிட்டு வேர்க்குதா பாய்?" என்று முதலாளி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரி 9
திருச்சியில் ஸ்கேன். சிறுநீரகத்துக்கு மேலே மிச்சமிருக்கும் வலது சுரப்பியிலும் கட்டி. அதுதான் ஹார்மோனைக் கொட்டிப் பிரஷரை ஏற்றுகிறதாம்.

"இதையும் எடுத்துட்டா ஆயுசுக்கும் மாத்திரை. காலையில, மதியம், சாயங்காலம். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து" என்றார் டாக்டர்.

நோன்பு?

"வைக்க முடியாதுங்க."

பத்து வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை. ஜெகதாப்பட்டினம் பள்ளிவாசலில் இருபது வருடமாக நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறேன். நோன்பில்லாதவன் எந்த முகத்தோடு அந்தச் சட்டிப் பக்கம் போவது?

ஜனவரி 11
"ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடுங்க" என்று நசீரா காலையிலிருந்து பின்னாலேயே வந்தாள். பொண்டாட்டி என்றும் பார்க்காமல் எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜனவரி 13
220. பில் புத்தகம் இரண்டாகத் தெரிந்தது. போட்டுவிட்டேன் கையெழுத்து.

ஜனவரி 30
எடுத்தாச்சு. பிரஷர் 120. இனி உப்பை நன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அஞ்சு வருசமா உப்பில்லாம என்னை வதைச்சது இவங்கதானே?

பிப்ரவரி 19
முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மதியத்ததை நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சிச் சட்டி ஓரத்திலேயே விழுந்தேன். அடுப்பில் விழாதது அல்லா காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போது நசீரா அழவில்லை. "நோயாளிக்கு அல்லாவே விட்டுக் குடுத்துட்டான். நீங்க யாருக்காக இந்த வீம்பு?"

யாருக்காக? ஊருக்காகத்தான். வேறென்ன.

பிப்ரவரி 24
மதிய மாத்திரை போட்டேன், கதவைச் சாத்தாமல்.

சாயங்காலம் பள்ளிவாசலில் சட்டிக்குத் தள்ளியே நின்றேன். நசீராவின் தம்பி அப்துல்லா கரண்டியோடு வந்தான். "உப்புப் பாருங்க மச்சான்."

"நான் நோன்பில்லடா."

"அதான் கேக்குறேன்."

இத்தனை வருடம் நுனிநாக்கில் வைத்துத் துப்பியதுதான். இன்று விழுங்கினேன். உப்பு பத்தவில்லை. ஒரு கை அள்ளிப் போட்டேன்.

நோன்பு திறந்த பிறகு, தொழுகை நடத்தும் ஹஜ்ரத் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கினார். "இருபது வருசத்துல இன்னைக்குத்தான் உப்பு சரியா இருக்கு."

படுபாவிகள், இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருக்கிறார்கள்.