குளிர வைக்கச் சொன்னவளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் பழையபடி சத்தம் போட ஆரம்பிப்பேன், நீயும் வாயை மூடிக்கொள்வாய். இந்த விஷயத்தில் அப்படி ஆகக் கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரன் பிழைத்துவிட்டான்.

அன்றைக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறான். வாய் கோணிப்போனதைப் பார்த்த கூட்டாளி தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதை எடுத்துவிட்டார்கள். பிறகுதான் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூளை வீங்க ஆரம்பிக்கிறது, உடம்பைக் குளிர வைத்தால் வீக்கம் கட்டுப்படலாம் என்றார். "இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. பலன் கிடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. நெஞ்சில சளி கட்டுற ஆபத்தும் இருக்கு" என்று மறைக்காமல் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பைக் குளிரில் வைப்பது எதற்கு என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உன் மாமனாரை அப்படித்தான் கடைசியாகப் பார்த்தேன். "உயிரோட இருக்கிறவனையா?" என்று கேட்டு, முடியாது என்றுவிட்டேன். சம்சாரம் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள், ஆனால் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

நீ பேசியது எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவருக்கு வலிக்குமா என்றாய். நடுங்கினால் என்ன செய்வீர்கள் என்றாய். அப்புறம், "செய்யுங்க டாக்டர். அத்தை பயந்திருப்பாங்க, அவங்கள வெளியில அனுப்பாதீங்க" என்றாய். உட்கார நாற்காலி தேடினேன். இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

குளிர வைப்பது என்றால் ஐஸைக் கொட்டுவது இல்லையம்மா. நெஞ்சிலும் தொடையிலும் உறை மாதிரி சுற்றி, அதற்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரு மெஷின் ஓட்டிக்கொண்டே இருந்தது. மயக்கத்தில் வைத்திருந்தார்கள். காலைத் தொட்டேன், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். பெற்ற வயிறு கேட்குமா? என் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். நர்ஸம்மா வந்து அதை எடுத்தாள், திட்டவில்லை. "உள்ளங்கையும் பாதமும் மட்டும் சூடா இருக்கட்டும்மா, நடுக்கம் குறையும். அதை நீங்க பாத்துக்குங்க" என்று கையுறையும் காலுறையும் கொடுத்தாள். அந்த வேலை மட்டும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

திரும்பச் சூடேற்றும்போதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவசரப்பட்டால் வீக்கம் திரும்பிவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். டாக்டரம்மா பயந்தபடி சளியும் கட்டியது. அதையும் தாண்டிவிட்டான். இடது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சு குழறுகிறது. குளிர வைத்ததால்தான் பிழைத்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியலைம்மா. அப்படி நம்பத்தான் எனக்கும் ஆசை" என்றார்.

உன்னிடம் பொய் எழுத மாட்டேன். கண் விழித்ததும் அவன் உன்னைக் கேட்கவில்லை. தண்ணீர்தான் கேட்டான். நான் மாட்டேன் என்றதையும் நீ சரி என்றதையும் மறுநாள் நானாகத்தான் சொன்னேன். நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வா என்று எழுதப்போவதில்லை. அது நீங்கள் இருவரும் பேச வேண்டியது. விவாகரத்துக்கு வக்கீல் காகிதம் வந்தாலும் இனி நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரில் உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்து, உங்க மனுஷங்க யார் என்று யாராவது கேட்டால், என் நம்பரைக் கொடு.

நல்லா இரும்மா.

உன் அத்தை